அலறாதது சம்மதம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வந்த கடிதமொன்றில், வன்புணர்ச்சிக்கு ஆளானதாக ஒரு பெண் சொல்லும்போது உடம்பில் காயம் இல்லை, அக்கம்பக்கத்தில் சத்தமும் கேட்கவில்லை என்றால் அந்தப் பெண் சம்மதித்தாள் என்றுதானே கொள்ள வேண்டும் என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். எங்கள் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இப்படியொரு விவகாரம் ஊர்க்கூட்டத்துக்கு வரும்போது முதலில் எழும் கேள்வியும் இதுவாகவே இருப்பதால், சட்டம் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்பதை எழுத விரும்புகிறேன்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 63ஆவது பிரிவு சம்மதத்தைத் தெளிவாகவே விளக்குகிறது. குறிப்பிட்ட அந்தப் பாலுறவுச் செயலில் ஈடுபடத் தனக்கு விருப்பம் உண்டு என்பதை ஒரு பெண் சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்வகையிலோ, ஐயத்துக்கு இடமின்றித் தானாக முன்வந்து தெரிவித்தால்தான் அது சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு அவள் சம்மதித்ததாகக் கருதக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பழகியவன், முன்பு விரும்பியவன் என்பதெல்லாம் இன்றைய செயலுக்கான சம்மதம் ஆகிவிடாது.

இந்த வாசகம் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் இதற்கான போராட்டம் அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தியது. 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளான பழங்குடிச் சிறுமியின் வழக்கில், காயமில்லை, கூச்சலிட்டதாகவும் நம்ப முடியவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அதைக் கண்டித்து 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலர் போன்றோர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்யும் குற்றங்களில், உறவு நடந்தது மெய்ப்பிக்கப்பட்டு, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்பது அப்போது வந்த விதி.

பெண்ணின் மீது ஆதிக்கம் செலுத்தும் நிலையில் இருப்பவர்களுக்கும் இன்று இவ்விதி பொருந்தும் என்பதை நம் பகுதியில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவாட்டுக் கொட்டகையிலும் இறால் கம்பெனியிலும் முன்பணம் வாங்கிவிட்டு வேலை செய்யும் பெண், நாளைய கூலி யார் கையில் இருக்கிறதோ அவரை எதிர்த்துக் கூச்சலிடுவாள் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? தன்னையோ தனக்கு வேண்டியவரையோ கொன்றுவிடுவதாக, காயப்படுத்துவதாக அச்சுறுத்திப் பெற்ற சம்மதமும் சட்டத்தின் முன் செல்லாது. 18 வயது நிறையாத பெண் விஷயத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சட்டத்தில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் வலுக்கட்டாயமாக நடந்துகொள்வதை இது வன்புணர்ச்சியாக ஏற்பதில்லை. பாலியல் குற்றச் சட்டங்களில் திருத்தங்களைப் பரிந்துரைத்த நீதிபதி வர்மா குழு 2013இலேயே நீக்கச் சொன்ன இந்த விலக்கு, புதிய சட்டத்திலும் அப்படியே தொடர்வது எனக்குப் பெரும் வேதனை.

குற்றம் செய்தவனைப் பணம் கட்ட வைத்தோ அவனுக்கே அந்தப் பெண்ணை மணமுடித்து வைத்தோ ஊருக்குள் பேசி முடிக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வன்புணர்ச்சி சமரசத்துக்கு உரிய குற்றமே அல்ல. இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன என்பது தண்டனையைக் குறைக்கக் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்தாலும், வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் கிடந்து அனுபவிக்கப் போவது அந்தப் பெண்தான்.

தொண்டியிலோ வாலிநோக்கத்திலோ மண்டபத்திலோ, எந்தக் காவல் நிலையத்துக்குப் போனாலும், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பாமல் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். மறுக்கும் அலுவலருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனடியாக இலவச சிகிச்சை அளிக்க வேண்டும். 63ஆவது பிரிவின் தமிழ் வாசகத்தையும் இந்த விவரங்களையும் தங்கள் நாளிதழின் இராமநாதபுரம் மாவட்டப் பக்கத்தில் முழுமையாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன்.