சிட்ராவின் மணம் எங்கே போனது

சியாட்டில்

அன்புள்ள மகளுக்கு,

நீ வீட்டில் காய்ச்சிய முதல் பீரில் கசப்பு மட்டுமே நின்றதென்றும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூவான ஹாப்ஸில் சிட்ரா ரகத்துக்கே உரிய மாம்பழ, லிச்சி மணம் துளியும் இல்லையென்றும் எழுதியிருந்தாய். வோர்ட் (மால்ட் தானியத்தை ஊறவைத்து வடித்த இனிப்பு நீர்) கொதிக்கத் தொடங்கியதுமே 60 கிராமையும் போட்டுவிட்டதாக நீ குறிப்பிட்ட வரியிலேயே காரணம் இருக்கிறது.

ஹாப் பூவின் மஞ்சள் துகளில் கசப்புக்கான ஆல்ஃபா அமிலமும் மணத்துக்கான எண்ணெயும் சேர்ந்தே இருக்கின்றன. அமிலம் நெடுநேரம் கொதித்தால்தான் உருமாறிக் கசப்பாகக் கரையும். எண்ணெயோ அதே கொதியில் ஆவியோடு போய்விடும். சிட்ராவில் இந்த அமிலம் 11 முதல் 13 விழுக்காடு வரை இருப்பதால், உன் பீர் கஷாயம்போல் ஆனதில் வியப்பில்லை. ரசம் நுரைகட்டியதும் அம்மா அதை இறக்கிக் கொத்தமல்லித் தழை தூவி மூடிவைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. சிட்ராவுக்கும் அந்தப் பக்குவம்தான்.

அடுத்த முறை 19 லிட்டருக்குக் கசப்பிற்கென மேக்னம் என்ற வேறு ஹாப்ஸ் ரகத்தை மட்டும் கொதியின் தொடக்கத்தில் போடு. எனக்கு 15 கிராம் போதும். நீ இருக்கும் டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கசப்பும் மெதுவாகவே இறங்கும் என்பதால் 18 கிராமாக வைத்துக்கொள். அடுப்பை அணைத்து, 80 டிகிரிக்கு ஆறியபின் சிட்ரா 40 கிராம் சேர்த்து, 20 நிமிடம் மூடிவைத்துவிட்டு விரைவாகக் குளிரவிடு. நொதித்தல் அடங்கியபின் இன்னும் 60 கிராம் போட்டு மூன்று நாள் விட்டால் போதும். அதற்குமேல் ஊறினால் புல்வாடை ஏறத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் நான் ஒருமுறை அவசரப்பட்டேன். ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் உண்ண முடியாமல் விட்டுவைத்த சர்க்கரையை உடைத்துக் கொடுக்க, அடங்கியிருந்த நொதித்தல் மறுபடி கிளம்பும் என்பதை அறியாமல், இரண்டே நாளில் பாட்டிலில் அடைத்துவிட்டேன். அடுத்த வாரம் கராஜில் ஏழு பாட்டில்கள் வெடித்தன. அருகில் யாரும் இல்லாததால் தப்பித்தோம். ஆகவே பீரில் எஞ்சிய சர்க்கரையை அதன் அடர்த்தியால் காட்டும் ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டாமல் மூடிபோடாதே. பாட்டிலில் ஊற்றும்போது சலசலக்கவிடாமல் குழாயை அடிவரை இறக்கி நிரப்பு. காற்றுப் பட்டால் அந்தப் பழ மணம்தான் முதலில் சாகும்.

போன செப்டம்பரில் அம்மாவும் நானும் இங்கே வாஷிங்டன் மாநிலத்தில் ஹாப்ஸ் விளையும் யாக்கிமா பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். அறுவடை நேரமாதலால், பதினைந்தடிக்கு மேல் கம்பிகளில் ஏறி நின்ற கொடிகளை வேரடியில் அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பூவைக் கசக்கி முகர்ந்த அம்மா, சேலத்து மாம்பழக் கூடையைத் திறந்ததுபோல் இருக்கிறது என்றாள். இந்த ரகத்தை 1990-இல் கலப்பினமாக உருவாக்கியும், 2008 வாக்கில்தான் அது சந்தைக்கு வந்தது. அத்தனை ஆண்டுகள் இப்படியொரு மணம் வெளியே தெரியாமல் இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

இத்துடன் சிட்ரா 200 கிராம் அனுப்புகிறேன். காற்று நீக்கி ஒட்டிய உறை அது. வந்ததும் ஃப்ரீசரில் வை; பிரித்தபின் மீதியைக் காற்றுப்படாமல் மூடி மறுபடி அங்கேயே வைத்துவிடு.

அன்புடன்,
அப்பா