செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: மாட்ரிட்டில் வாக்கெடுப்பு, கோவையில் பெயர்ப் பலகை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் தாவர ஆர்வலர் சங்கத்தின் நடவடிக்கைகளை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன். களப்பயணம், மாதக் கூட்டம், வரவு செலவு என்று வழக்கமாக வரும் தலைப்புகள் இந்த ஆண்டும் உண்டு. ஆனால் ஆண்டின் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்டது ஸ்பெயினில் நடந்த ஒரு மாநாடு. ஆகவே அறிக்கையிலும் அதற்கே பெரும்பங்கு.

2024 ஜூலை 21 முதல் 27 வரை மாட்ரிட்டில் 20ஆவது சர்வதேசத் தாவரவியல் மாநாடு நடைபெற்றது. 1900இல் பாரிஸில் தொடங்கிய வரிசை இது. இதற்கு முந்தைய மாநாடு 2017இல் சீனாவின் ஷென்செனில் நடந்தது. அடுத்தது ரியோ டி ஜெனிரோவில் என்று இருந்து, அது கைகூடாமல் மாட்ரிட்டுக்கு வந்தது. நம் சங்கத்திலிருந்து யாரும் போகவில்லை. விமானக் கட்டணத்தைச் சொன்னதும் பொருளாளர் பேச்சை மாற்றிவிட்டார். இருந்தாலும் அங்கே எடுத்த முடிவுகளை மாதக் கூட்டங்களில் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். காரணம் எளியது. பூங்காக்களில் மரங்களுக்குப் பெயர்ப் பலகை வைப்பது நம் சங்கத்தின் பழைய பணி. பலகையில் இரண்டாவது வரியாக நாம் எழுதும் அறிவியல் பெயருக்கான விதிகளை முடிவு செய்யும் இடம் இந்த மாநாடுதான்.

இன்னும் சரியாகச் சொன்னால், மாநாட்டுக்கு முந்தைய வாரத்தில் கூடும் பெயரிடல் பிரிவு. இந்த முறை ஜூலை 15 முதல் 19 வரை கூடியது. தாவரங்கள், பாசிகள், பூஞ்சைகள் ஆகியவற்றுக்குப் பெயரிடும் சட்டநூலைத் திருத்தும் அதிகாரம் இந்தப் பிரிவுக்கு உண்டு; பூஞ்சைகளுக்கே உரிய விதிகளை மட்டும் சர்வதேசப் பூஞ்சையியல் மாநாடு கவனிக்கிறது. நேரில் வந்தவருக்கு ஒரு வாக்கு. அதற்கு மேல், உலகின் உலர் தாவரத் தொகுப்புகளுக்கு அவற்றின் தகுதிக்கேற்ப நிறுவன வாக்குகளும் உண்டு. வர இயலாத நிறுவனம் தன் வாக்கை மற்றொருவர் கையில் கொடுத்தனுப்பலாம். நம் துணைவிதிகளில் பதிலாள் வாக்குக்கு இடமில்லை என்பதை, இன்று தேர்தலும் இருப்பதால், இங்கேயே நினைவூட்டிவிடுகிறேன். சட்டநூலில் ஒரு திருத்தம் நிறைவேற 60 சதவீத வாக்கு வேண்டும். இந்த 60 என்ற எண்ணைச் சற்று மனத்தில் வையுங்கள்.

கருவேலத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று சொல்லும் அதே வேல். இந்த ஆண்டு நம் உறுப்பினர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர் தாவரத் தொகுப்பைப் பார்வையிட்டோம். சென்னையில் பிறந்து, உதகைக்குப் போய், அங்கிருந்து கோவைக்கு வந்து சேர்ந்த தொகுப்பு அது. இரும்பு அலமாரியைத் திறந்ததும் நாப்தலீன் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே பெந்தம்–ஹூக்கர் என்ற பழைய வகைப்பாட்டு வரிசைப்படி கட்டுக்கட்டாகத் தாள்கள். எங்களுக்காக ஒரு கருவேலம் தாளை எடுத்து மேசையில் வைத்தார்கள். பழுத்துப்போன தடித்த காகிதத்தில் நூலால் தைத்த ஒரு கிளை. கணுவுக்குக் கணு இணையாக வெள்ளை முள். உருண்டைப் பூங்கொத்துகள் மஞ்சள் போய் மண்ணிறமாகியிருந்தன. மணிமாலைபோல் விதைக்கு விதை இறுகிய காய் ஒன்று உடைந்து சின்னக் காகித உறையில் தனியாகக் கிடந்தது. கீழ் மூலையில் மையால் எழுதிய முதல் சீட்டில் அகேசியா அரேபிகா என்றிருந்தது. 1915 முதல் வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூலிலும் அந்தப் பெயர்தான். அதன் மேலே தட்டச்சுச் சீட்டில் அகேசியா நைலோட்டிகா. அதற்கும் மேலே அச்சிட்ட சீட்டில் வச்செல்லியா நைலோட்டிகா. கிளை ஒன்று, பெயர் மூன்று. பழைய சீட்டைக் கிழிக்கும் வழக்கம் அங்கே கிடையாது. புதியதைப் பக்கத்தில் ஒட்டுவார்கள், ஒட்டியவர் பெயரும் ஆண்டும் போடுவார்கள்.

மூன்றாவது சீட்டு வந்த விதத்தில்தான் எனக்கு இன்றும் மனக்குறை உண்டு. அகேசியா என்ற பெரிய பேரினம் ஒரே மூதாதையின் வழிவந்ததல்ல, அதைப் பிரித்தாக வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதில் தகராறில்லை. பிரித்தால் பழைய பெயர் யாருக்கு? பெயருக்கு ஆதாரமான வகைமாதிரி எந்தப் பகுதியில் விழுகிறதோ அதற்குத்தான் பெயர் என்பது பொதுவிதி. அகேசியாவின் வகைமாதிரி, ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டிலும் வளரும் இந்தக் கருவேல மரமே. ஆனால் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,000 சிற்றினங்கள் அகேசியா என்ற பெயரோடு இருந்தன. அத்தனையையும் மாற்றுவதைவிட வகைமாதிரியை மாற்றிவிடலாம் என்று குழு பரிந்துரைத்தது. 2005இல் வியன்னா மாநாட்டில் இதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். வாக்களித்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் பரிந்துரையை எதிர்த்தார்கள். ஆனால் பரிந்துரையைத் தள்ளுபடி செய்ய 60 சதவீதம் வேண்டும், அது கிடைக்கவில்லை. 2011இல் மெல்போர்ன் மாநாடும் அதை உறுதி செய்தது. விளைவு என்னவென்றால், நீலகிரிப் புல்வெளியையும் சோலையோரத்தையும் விழுங்கிக்கொண்டிருக்கும் ஆஸ்திரேலிய வாட்டில் மரம் அகேசியாவாகவே நீடிக்கிறது. கண்மாய்க் கரையில் நிற்கும் நம் கருவேலம் வச்செல்லியா ஆகிவிட்டது. சீகைக்காயும் செனகாலியாவுக்குப் போய்விட்டது. நடைமுறை வசதி என்று பார்த்தால் முடிவில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் வென்றது எண்ணிக்கை பலம் என்றே எனக்குப் படுகிறது.

எல்லா முறையும் நமக்குத் தோல்வி இல்லை என்பதையும் பதிவு செய்யவேண்டும். 2022இல் புரோசாபிஸ் பேரினத்தைப் பிரித்தார்கள். இங்கே வாக்கெடுப்புக்கே வேலை இல்லாமல் விதி தன் போக்கில் நடந்தது. புரோசாபிஸின் வகைமாதிரி நம் வன்னி மரம், விருத்தாசலம் கோயிலின் தலமரம். ஆகவே வன்னி புரோசாபிஸ் சினரேரியாவாகவே இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து ஊரெல்லாம் பரவிய சீமைக்கருவேலம் நெல்டுமா ஜுலிஃப்ளோரா ஆகிவிட்டது. சுற்றறிக்கைகளும் செய்தித்தாள்களும் இன்னும் புரோசாபிஸ் என்றே எழுதுகின்றன. வன்னியையும் சீமைக்கருவேலத்தையும் ஒரே பெயரில் அழைப்பதால் வன்னிக்கு நேரும் அவப்பெயர் இதனால் கொஞ்சமாவது குறைந்தால் நல்லது.

மாட்ரிட்டில் அதிகம் பேசப்பட்ட வாக்கெடுப்பு வேறு. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லிலிருந்து வந்த ‘காஃப்ரா’ என்ற பின்பெயர் 200க்கும் மேற்பட்ட சிற்றினங்களுக்கு இருந்தது. அந்நாட்டில் பணியாற்றும் கிடியன் ஸ்மித், எஸ்ட்ரெலா ஃபிகெய்ரெடோ என்ற இரு தாவரவியலாளர்கள், முதலெழுத்தான ‘c’ஐ எடுத்துவிட்டு ஆப்பிரிக்காவைக் குறிக்கும் ‘அஃப்ரா’ என்று மாற்றலாம் என முன்மொழிந்தார்கள். ரகசிய வாக்கெடுப்பில் 351 பேர் ஆதரவு, 205 பேர் எதிர்ப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள், 60ஐச் சற்றே தாண்டியது. நம் கல்யாண முருங்கையின் உறவான எரித்ரினா காஃப்ரா இனி எரித்ரினா அஃப்ரா. 2026 ஜனவரி முதல் வெளியாகும் புதிய பெயர்களில் ஒரு மக்கள் குழுவை இழிவுபடுத்துபவை இருந்தால் அவற்றை நிராகரிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். ஆனால் அடிமை வணிகத்தில் பணம் சேர்த்தவர்களின் பெயரால் ஏற்கெனவே வைத்த பழைய பெயர்களை நீக்க அனுமதிக்கும் முன்மொழிவு தேறவில்லை. மாட்ரிட் சட்டநூல் 2025இல் வெளியாகியிருக்கிறது. அடுத்த மாநாடு 2029இல் கேப்டவுனில்.

இதைப் பற்றிப் பேசிய நம் மாதக் கூட்டத்தில்தான் விவாதம் சூடேறியது. ஓர் இளம் உறுப்பினர், வெள்ளை அதிகாரிகள் பெயரில் இருக்கும் நம் மலைச்செடிகளையெல்லாம் மாற்றவேண்டும் என்றார். மூத்த உறுப்பினர் ஒருவர், மாற்றத் தொடங்கினால் தாவரநூல் முழுவதையும் திருப்பி எழுதவேண்டியிருக்கும் என்றார். நான் இரண்டு பக்கமும் சேராமல் கோவிந்துவை நினைவுபடுத்தினேன். பிரிட்டிஷ் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட தாவரப் படத்தொகுதிகளுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் படம் வரைந்தார்கள். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்றே பெயர் சூட்டினார். அது ஏற்கெனவே டிராபிடியா என்று பெயர் பெற்ற பேரினம் எனப் பின்னர் தெரிந்ததால், முன்னுரிமை விதிப்படி கோவிந்துவின் பெயர் இணைப்பெயராகிவிட்டது. அதே விதிதான் ஆங்கில அதிகாரிகள் பலரின் பெயர்களையும் உதிர்த்திருக்கிறது. இதைக் கேட்டபின் இருவரும் சமாதானமாகவில்லை. ஆனால் டீ வந்துவிட்டது.

நீண்ட விவாதத்துக்குப் பின் செயற்குழு எடுத்த முடிவு இது. பலகையின் முதல் வரியில் தமிழ்ப் பெயர் பெரிய எழுத்தில். இரண்டாவது வரியில் இன்று ஏற்கப்படும் அறிவியல் பெயர். மூன்றாவது வரியில் சிறிய எழுத்தில் பழைய பெயர். மெட்ராஸ் ஹெர்பேரியத்தின் சீட்டு ஒட்டும் முறையைத்தான் பின்பற்றியிருக்கிறோம். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு வருபவருக்கும் மரம் தப்பிப்போகாது. பலகைகளை மரத்தில் ஆணி அடித்து மாட்டுவதில்லை, தனிக் கம்பத்தில் நிறுத்துகிறோம் என்பதில் மாற்றமில்லை.

பெயரைவிடப் பரிணாமம் பற்றிய கூட்டத்துக்குத்தான் இளைஞர்கள் அதிகம் வந்தார்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் தலைமையில் 2024 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வை ஒரு கல்லூரிப் பேராசிரியர் விளக்கினார். 9,500க்கும் மேற்பட்ட பூக்கும் தாவரச் சிற்றினங்களில் 353 மரபணுக்களை ஒப்பிட்டு வரைந்த உறவுமரம் அது. பூக்கும் தாவரங்களின் முக்கியக் கிளைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் தொடக்கக் காலத்திலேயே சட்டென்று பிரிந்துவிட்டன என்றும், சுமார் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி குளிர்ந்த காலத்தில் இன்னொரு வேகம் எழுந்தது என்றும் அதிலிருந்து தெரிகிறது. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் நேபாளத்தில் சேகரித்து உலர்த்திய செடியிலிருந்தும் டிஎன்ஏ எடுத்திருக்கிறார்கள். பழைய தாள்களைப் பூச்சி அரிக்காமல் காப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

பேராசிரியர் மேசை மேல் கடுகு, பப்பாளி விதை, பறித்துக் கழுவிய முருங்கை வேர் மூன்றையும் வைத்தார். பப்பாளி விதையை மென்றவர்கள் முகம் சுளித்து, ‘கடுகுக் காரம்’ என்றார்கள். வேரை நசுக்கி முகர்ந்தபோதும் அதே நெடி மூக்கில் ஏறியது. மூன்றும் பிராசிகேல்ஸ் என்ற ஒரே துறையை, அதாவது குடும்பங்களுக்கு மேலான ஒரே பிரிவைச் சேர்ந்தவை. காரத்துக்குக் காரணமான வேதிப்பொருள் வகையும் ஒன்றே. பெந்தம்–ஹூக்கர் முறையில் இவை வெவ்வேறு இடங்களில் இருந்தன. அடுத்து வந்தது தாமரை. குளத்தில் பக்கத்தில் பூக்கும் அல்லிக்கும் தாமரைக்கும் நெருங்கிய உறவே இல்லை. தாமரையின் உறவினர், வால்பாறையிலும் நீலகிரியிலும் தோட்டங்களில் நிழலுக்கு நட்டிருக்கும் சில்வர் ஓக். எஸ்டேட்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் இதை நம்ப மறுத்து, ஆதாரம் கேட்டு எனக்கு எழுதியிருக்கிறார். பேராசிரியரின் படங்களை அவருக்கு அனுப்பிவிட்டேன்.

பள்ளிகளுக்குச் சென்றபோது ஆசிரியர்கள் கேட்டது வேறு கவலை. எருக்கு தனிக் குடும்பமாக இருந்தது, இப்போது அரளியின் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். இலவம், வெண்டை, பருத்தி எல்லாம் மால்வேசியில் ஒன்றாகிவிட்டன. நெல்லியை ஆமணக்கின் குடும்பத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். தேர்வில் மாணவர் எதை எழுதுவது? பாடநூலில் உள்ளதைத் தேர்வுத்தாளில் எழுதட்டும், பூவை அறுத்துப் பார்க்கும்போது மற்றதைச் சொல்லிக்கொடுங்கள் என்றோம். டிஎன்ஏ உறவை வைத்துப் பூக்கும் தாவரங்களைப் பிரிக்கும் ஏபிஜி வகைப்பாட்டின் 2016இல் வந்த நான்காம் பதிப்பில் 64 துறைகள், 416 குடும்பங்கள். அதை மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர் யாரும் இருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

மற்றவை சுருக்கமாக. களப்பயணங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் தள்ளிப்போனது சிறுவாணி அடிவாரப் பயணம் மட்டும். நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற நூல்களைத் திருப்பித் தராதவர்கள் பெயர்ப் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. இவ்வாண்டு மறைந்த உறுப்பினர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்தினோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அதில் ஒரே ஒரு விளக்கம் மட்டும் என் பொறுப்பு. ஒரே கருவேல மரத்துக்கு இரண்டு முறை பலகைச் செலவு எழுதியிருப்பது ஏன் என்று தணிக்கையாளர் கேட்டிருக்கிறார். முதல் பலகை அகேசியா, இரண்டாவது வச்செல்லியா. விளக்கக் குறிப்பை இணைத்திருக்கிறோம். பலகை எழுதும் ஓவியர், இனிமேல் பெயர் மாறாதல்லவா என்று கேட்டுக்கொண்டுதான் முன்பணம் வாங்கினார். 2029க்குப் பிறகு சொல்கிறேன் என்றேன்.

எஞ்சியிருக்கும் பலகைகளுக்கு நன்கொடை தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம். வன்னிக்கு இருவர் முன்வந்துவிட்டார்கள். சீமைக்கருவேலத்துக்கு இதுவரை யாரும் இல்லை.

இந்த ஆண்டறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்