கரியனுக்குக் கேழ்வரகு பிஸ்கட், உனக்கு நிப்பட்டு

காவேரிப்பட்டணம்
ஆனி மாதம்

அன்புக் கண்ணு கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். பெரியப்பா சென்னைக்குக் கிளம்புகிறார் என்றதும் அவர் கையில் இரண்டு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். சிவப்பு மூடி போட்டது உன் நாய்க்குட்டி கரியனுக்கு, கேழ்வரகு பிஸ்கட். எவர்சில்வர் தூக்கில் இருப்பது உனக்கும் மாப்பிள்ளைக்கும், கடைத்தெருவில் வாங்கிய நிப்பட்டு, அதுதான் நம் ஊர்த் தட்டை. இரண்டும் வட்டம்தான், மாற்றிவிடாதே. அவனுடையதை நீங்கள் தின்றால் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். நிப்பட்டில் பூண்டும் மிளகாயும் உப்பும் இருப்பதால் அதை அவன் தொடக் கூடாது.

நாய்க்கு வாங்கும் பாக்கெட் தின்பண்டங்களின் விலையை நீ போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவன் தாய் சின்னி நம் வீட்டுக் களியும் மோரும் தின்று வளர்ந்தவள். அதற்காக, நம் தெருவில் சொல்வதுபோல் ‘நாய்தானே, எதைப் போட்டாலும் தின்னும்’ என்று நான் சொல்லமாட்டேன். தின்னும். தின்றதெல்லாம் அதன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? நம் அடுப்பில் ஆவதில் பாதி அதற்கு நல்லது, மீதி ஆகாது. எது எந்தப் பாதி என்று தெரிந்துவிட்டால் பாக்கெட்டும் வேண்டாம், பயமும் வேண்டாம். குட்டிகளுக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த தீனியை நிறுத்தச் சொல்லவில்லை. வளர்கிற வயது, அது நடக்கட்டும். இடையில் கொடுக்கும் நொறுக்குத் தீனியைத்தான் சொல்கிறேன்.

பிஸ்கட் செய்யும் விதத்தை எழுதிவிடுகிறேன். கேழ்வரகு மாவு இரண்டு கப் எடுத்து, பச்சை வாடை போக வெறும் வாணலியில் வறுத்து ஆறவிடு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒன்றை வேகவைத்து மசித்துக்கொள். அதோடு ஒரு முட்டை, வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த நிலக்கடலை இரண்டு கரண்டி. உப்பு வேண்டாம், வெல்லமும் வேண்டாம், கிழங்கின் இனிப்பே அதிகம். கேழ்வரகு கோதுமை மாதிரி இழுபடாது, தட்டும்போது ஓரம் வெடிக்கும். முட்டைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படியும் உதிர்ந்தால் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பிசை. வாழை இலையில் வைத்து, தட்டை கனத்துக்குத் தட்டி, பாட்டில் மூடியால் வட்டம் வெட்டு. தோசைக்கல்லில் சிறுதீயில் மூடி போட்டு இரண்டு பக்கமும் வேகவிட்டு, பிறகு மூடியை எடுத்துவிட்டு ஈரம் வற்றும்வரை திருப்பிப் போட்டுக்கொண்டே இரு. ஒடித்தால் ‘டக்’கென்று சத்தம் வர வேண்டும். உள்ளே மெத்தென்று இருந்தால் சென்னைக் காற்றுக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.

கடலை வாங்கும்போது கண்ணை அதன் மேல் வை. கறுத்தது, சொத்தை, பூஞ்சை மணம் அடிப்பது ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. பூஞ்சை பிடித்த கடலையில் சேரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு நாயின் ஈரலைத் தின்றுவிடும். ‘மனுஷனுக்கு ஆகாத கடலை நாய்க்கு’ என்று ஒதுக்கி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முழு பிஸ்கட்டைத் தூக்கிப் போடாதே. நகக்கண் அளவு ஒடித்துக் கொடு, அவனுக்கு அளவு தெரியாது, எத்தனை முறை வந்தது என்பதுதான் கணக்கு. ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது. மாப்பிள்ளை தனியாக, நீ தனியாக என்று இரண்டு கணக்கும் வேண்டாம்.

இனி ஆகாத பாதி. முதலில் வெங்காயமும் பூண்டும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அவற்றின் நஞ்சு போகாது. ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகை பிடிக்க வைக்கும். அன்றே தெரியாது, சில நாள் கழித்து ஈறு வெளுத்த பிறகுதான் தெரியும். அதனால் குழம்புச் சோறு வேண்டாம். தாளிப்பதற்கு முன்பே, உப்புப் போடாத பருப்பை ஒரு கரண்டி அவனுக்கு எடுத்து வைத்துவிடு. திராட்சை, பாயசத்து உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்துக்கு ஆகாது. அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியதாக, மாடு பார்க்க வரும் டாக்டரம்மா சொன்னார். அதே அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறதாம். புளி இல்லாமல் உலை வைக்காத ஊரில் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நீ நம்பு. சாக்லேட்டும், சைலிடால் என்ற மாற்று இனிப்பு போட்ட சர்க்கரையில்லாத சூயிங்கமும் உன் கைப்பையில் கிடக்கும், பையை உயரத்தில் மாட்டு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், கறியை மட்டும் பிய்த்துப் போடு.

இங்கே மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. உனக்கும் ஒரு பெட்டி வரும். சதையில் இரண்டு துண்டு அவனுக்குக் கொடு, தோலும் கொட்டையும் வேண்டாம். கொட்டை குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான்.

மாப்பிள்ளையின் செருப்பைக் கடித்துவிட்டான் என்று அடித்தாயாமே. நான்கு மாதத்தில் பல் விழுந்து முளைக்கத் தொடங்கும் கண்ணு. 28 பால்பற்கள் போய் 42 பற்கள் வர வேண்டும், ஈறு தினவெடுக்காதா? பழைய துண்டை முடிச்சுப் போட்டு நனைத்து ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்ததும் கொடு. செருப்பை அலமாரியில் வைக்க மாப்பிள்ளையும் பழகிக்கொள்ளட்டும்.

தினமும் சாயங்காலம் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பார். உண்ணி இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழு, கையால் நசுக்காதே. மண்ணெண்ணெய் தடவுகிற வைத்தியம் வேண்டவே வேண்டாம், தோலும் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். உண்ணியால் காய்ச்சலும் வரும். ஆனால் தொட்டால் சுடுகிறது என்று பதறாதே. 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பான சூடு. தீனி எடுக்காமல் சுருண்டு படுத்தால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு, நம் பாராசிட்டமாலை உடைத்துப் போடாதே.

வெயிலில் நடத்தாதே. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பார், உன்னால் ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அவனும் நடக்க வேண்டாம்.

வெறிநோய் ஊசியின் முதல் தவணை இங்கேயே போட்டாயிற்று, அட்டை உன்னிடம் இருக்கிறது. அடுத்த தவணைத் தேதியைப் பார்த்து எனக்குப் போன் செய். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் போட வேண்டும். அவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறானே என்று மாப்பிள்ளை சொன்னாலும் விட்டுவிடாதே.

தீபாவளிக்கு அவனை அங்கே தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது. நகரத்து வெடிச் சத்தத்தில் குட்டி மிரண்டுவிடும். மாப்பிள்ளையிடம் கேட்டு, காரில் வருவதா என்று இப்போதே முடிவு செய்து சொல். மாட்டுக்கொட்டகைப் பக்கத்து அறையை அப்பா ஒழித்து வைப்பதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
அம்மா