மஞ்ச சட்டைய கழட்டச் சொல்லாத தாயி

தாயி, நல்லாருக்கியா, மாப்பிள்ளைய கேட்டதா சொல்லு. இங்க நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு மூட்டு வலிதான் அப்பப்ப, வாடைக்காத்து ஆரம்பிச்சா பாம்பன்ல யாரு வீட்ல மூட்டு வலி இல்ல.

போன்ல பேசுனா பாதியில அம்மா புடுங்கிருவா, அதான் கடைய சாத்திட்டு உக்காந்து டைப் பண்றேன். வாய்ஸ் டைப்பிங்ல முதல்ல ட்ரை பண்ணேன், நான் பேசுற தமிழ் அதுக்கு வெளங்கல, "ஆன்டெனா"ன்னு சொன்னா "அந்தநாள்"னு போடுது. எழுத்து முன்ன பின்ன இருக்கும், கண்டுக்காத.

விஷயத்துக்கு வாறேன். முந்தாநேத்து சின்னவன் போட்டோ ஒண்ணு அனுப்புனீல்ல, மஞ்ச சட்டையோட. நான் என்ன நெனச்சேன், ஆஹா எம்பேரன் மெல்போர்ன்ல உக்காந்துகிட்டு சிஎஸ்கே ஜெர்சி போட்டிருக்கான்னு டீக்கடையில நாலு பேருக்கு காட்டி பெருமையடிச்சிட்டேன். அங்க ஐஸ் கம்பெனி தம்பி ஒருத்தன் இருந்தான், அவன் போன வாங்கி வெரல வச்சு பெருசாக்கிப் பாத்துட்டு, "மாமா, சிங்கத்தக் காணோம், ஒரு பக்கம் கங்காரு நிக்குது, ஒரு பக்கம் ஈமு கோழி நிக்குது"ன்னான். ஒரே சிரிப்பு. நானும் சிரிச்சுட்டு போன திரும்ப வாங்கிப் பாத்தா போட்டோவே இல்ல, மெசேஜ அழிச்சிட்டேன்னு காட்டுது.

ஏன் தாயி அழிச்ச? மறுநாள் வீடியோ கால்ல கேட்டா சின்னவன் வெள்ளந்தியா சொல்லிட்டான், "தாத்தாகிட்ட பேசுறப்ப இந்த சட்ட போடக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க"ன்னு. நீ பின்னாடி இருந்து அவன முறைச்சது எனக்கு தெரிஞ்சுச்சு, கேமரா அம்புட்டு கிளியரு இப்பல்லாம்.

அப்பத்தான் 2023 நவம்பர் 19 ஞாபகம் வந்துச்சு. அகமதாபாத் வேர்ல்ட் கப் பைனலு, ஆஸ்திரேலியாக்காரன் டிராவிஸ் ஹெட் 137 அடிச்சு நம்ம கதைய முடிச்ச அன்னைக்கு நான் போன் பண்ணேன், அங்க பின்னாடி சின்னவன் கட்டில்ல குதிக்கிற சத்தம், நீ "சும்மா இருடா தாத்தா லைன்ல இருக்காங்க"ன்னு கதவ சாத்துன. நான் கேக்காத மாதிரி இருந்துட்டேன். நான் அன்னைக்கு சாப்பிடலங்கறது உண்மதான், அத அம்மா ஒங்கிட்ட போட்டுக் குடுத்ததும் தெரியும். ஆனா அதுக்கு அந்தப் பய என்ன பண்ணுவான், அவனுக்கு தெரிஞ்ச கிரவுண்டு மெல்போர்ன்ல இருக்குற எம்சிஜி, அவன் ஸ்கூல்ல பேசுறது கம்மின்ஸு, ஹெட்டு. அவன் தாத்தாவுக்காக இந்தியான்னு கத்தணும்னா அது பொய்யி.

ஒங்கிட்ட ஒண்ணு சொன்னதே இல்ல. இந்த ஊருல எனக்கும் ஒரு தடவ அந்த மாதிரி சட்டைய மறைக்க வேண்டிய நெலம வந்துச்சு, சட்டைதான் இல்ல.

நம்ம மொட்ட மாடியில அந்த கம்பம் நிக்குதுல்ல, போன தடவ வந்தப்ப "ஏம்ப்பா இத இன்னும் வச்சிருக்கீங்க, காக்கா உக்காரவா"ன்னு கேட்டியே, இருவது அடி ஜிஐ பைப்பு, அதுல அந்தக் காலத்துல ரெண்டு ஆன்டெனா. கீழ உள்ளது வடமேக்க கொடைக்கானல் பாத்து, தூர்தர்ஷனுக்கு. மேல பூஸ்டரோட உள்ளது தென்கெழக்க, இலங்கை டிவி ரூபவாஹினிக்கு. ரூபவாஹினி 1982ல ஆரம்பிச்சப்பவே கலரு, அவங்க டவர் வச்சிருந்தது பீதுருதாலகால மலை உச்சியில, இலங்கையிலயே ஒசந்த மலை, 2524 மீட்டர். நடுவுல பாதிக்கு கிட்ட கடலு, மறைக்க அவ்வளவா ஒண்ணுமில்ல. அதுலயும் கோடையில காத்து விழுந்து கடல் தட்டு மாதிரி கெடக்குறப்ப பாக்கணும், தண்ணிக்கு மேல குளுந்த காத்து அதுக்கு மேல சூட்டுக் காத்துன்னு அடுக்கா நிக்கும், சிக்னலு மேல பறந்து போகாம வளைஞ்சு கடலோட ஒட்டியே வரும், படம் கண்ணாடி கணக்கா. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல அதே சேனல் வெறும் புள்ளி புள்ளியா மழ பெய்யும். என் கடைக்கு டிவிய தூக்கிட்டு வந்து "ரிப்பேர்"ம்பாங்க, நான் வெளிய வந்து காத்தப் பாத்துட்டு "நாளைக்கு வா அதுவா சரியாயிரும்"னு திருப்பி அனுப்பியிருக்கேன். தொழிலுக்கு நல்லதில்லதான்.

உப்புக்காத்துல அலுமினியம் வெள்ள வெள்ளயா பூத்துப் போகும், வயர் ஜாயின்ட் பச்சையா பிடிச்சுக்கும். நான் ஜாயின்ட்ட சுரண்டி, ஈயம் வச்சு, மேல மெழுகுவத்தி ஊத்தி, அதுக்கு மேல சைக்கிள் டியூப் சுத்துவேன். ஊருல நூறு வீட்டுக்கு அப்படி கட்டிக் குடுத்த கை, நம்ம வீட்டு கிளாம்ப மட்டும் மாத்தல. அது பின்னாடி வருது.

1995 டிசம்பர் 26. நீ போன வாரம் சின்னவன கூட்டிட்டுப் போய் போட்டோ எடுத்தீல்ல, அதே எம்சிஜிதான். சாயங்காலம் ரூபவாஹினி செய்தியில காட்டுனாங்க, முரளிதரன் பந்து போடுறான், அம்பயர் கைய நீட்டுறாரு, நோ பால். திரும்ப நோ பால். ஏழு தடவ. பந்த போடாம எறியிறானாம். கண்டிப் பய, நம்ம பாஷ பேசுறவன், பொறக்கும்போதே முழங்கை முழுசா நீளாது அவனுக்கு. ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பி நடந்து போய் பந்த வாங்கிட்டு வர்ற நடை இருக்கே, எனக்கு அது இன்னும் மறக்கல. இந்தியா மேட்சுக்கு மட்டும் கத்துற ஆளா இருந்தவன், அன்னைக்கு ராத்திரி என்ன அறியாம ஒரு கட்சி மாறிட்டேன்.

அடுத்த ரெண்டு மாசத்துல வில்ஸ் வேர்ல்ட் கப். கொழும்புல குண்டு வெடிச்சுருந்துச்சு, ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் அங்க போய் ஆட மாட்டோம்னு பாயின்ட்ட விட்டுக் குடுத்தாங்க. அப்ப இந்தியாவும் பாகிஸ்தானும் சேந்து ஒரே டீமா போய் கொழும்புல ஒரு மேட்ச் ஆடுனாங்க தெரியுமா, பேப்பர்ல ஸ்கோர் பாத்தேன், களுவிதாரண, கேட்ச் டெண்டுல்கர், பவுல்டு வாசிம் அக்ரம். அச்சுப் பிழைன்னு நெனச்சு ரெண்டு தடவ படிச்சேன்.

மார்ச் 13 கல்கத்தா செமி பைனல் ஒனக்கே தெரியும், நான் ஆயிரம் தடவ பொலம்பியிருக்கேன். ஜெயசூர்யாவும் களுவிதாரணவும் முதல் ஓவர்லயே அவுட்டு, ஊரே வெடி போட்டுச்சு, அப்பறம் அரவிந்த டி சில்வா வந்து எல்லாத்தையும் நமுத்துப் போக வச்சான். சச்சின் 65ல ஸ்டம்பிங், 98க்கு ஒண்ணுன்னு இருந்தது 120க்கு எட்டு, பாட்டில் பறந்துச்சு, மேட்ச அவங்களுக்கே குடுத்துட்டாங்க, காம்ப்ளி அழுதுகிட்டே போனான். நம்ம கடை வாசல்ல இருந்த கூட்டம் ஒரு வார்த்த பேசாம கலைஞ்சுச்சு. நானும் அழுதேன், அம்மாவக் கேளு.

நாலு நாள் கழிச்சு 17ம் தேதி, ஞாயித்துக்கெழம, லாகூர்ல பைனல். ஆஸ்திரேலியாவும் இலங்கையும். கல்கத்தா கடுப்புல நம்ம ஆளுக பாதிப்பேரு ஆஸ்திரேலியா பக்கம். நான் டிவிய வாசல்ல வச்சேன், நம்ம பழைய டயனோரா. மத்தியானம் ஆஸ்திரேலியா பேட்டிங். மண்டபம் அகதி கேம்ப்ல இருந்து ஒரு அண்ணன் அப்பப்ப ரேடியோ ரிப்பேருக்கு வருவாரு, அன்னைக்கு ரேடியோ இல்லாமலே வந்து பின்னாடி சுவத்துல சாஞ்சு நின்னாரு. யாருண்ணே ஒங்க கட்சின்னு ஒரு பய கேட்டுட்டான். கேட்டிருக்கக் கூடாது, வீடு வாச விட்டு படகுல வந்த மனுசன். அவரு கொஞ்ச நேரம் கழிச்சு, "முரளி போடேக்க மட்டும் பாப்பன்"னாரு. அப்படித்தான் பாத்தாரு, முரளி பந்த கையில எடுத்தா சுவத்த விட்டு முன்னால வருவாரு, ஓவர் முடிஞ்சா திரும்ப சுவரு. இருட்டுறதுக்குள்ள கேம்புக்குப் போயிரணும், இலங்கை பேட்டிங் அவரு பாக்கல.

241 அடிச்சிருந்தாங்க. இலங்கை 23க்கு ரெண்டு. அப்பத்தான் மேல கிளாம்பு முறிஞ்சுச்சு. துரு. படம் போயிருச்சு. மாடியில ஓடி பைப்ப திருப்புறேன், கீழ அம்மா வாசப்படியில, "வந்துருச்சா?" "இல்ல." "இப்ப?" "கொஞ்சம் வந்துச்சு, போச்சு." "இப்ப?" "ஆங் ஆங் அப்படியே நில்லுங்க!" அப்படியே நின்னேன் தாயி. கைய விட்டா பைப்பு சுத்திக்கும். எல்லாரும் கீழ இருந்து "தூர்தர்ஷன் வைங்க, அதுலயும் ஓடும், நீங்களும் எறங்கி வாங்க"ங்குறாங்க. நியாயமான பேச்சுதான். ஆனா எனக்கு அந்த மேட்ச அவங்க ஊரு வழியாத்தான் பாக்கணும்னு ஒரு கிறுக்கு, கயிறு போட்டு கட்டலாம்னாலும் கைய எடுக்க பயம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல பைப்ப கட்டிப் பிடிச்சுகிட்டு கீழ வர்ற சத்தத்த வச்சே பைனல் பாத்த ஒரே டிவி மெக்கானிக் நானாத்தான் இருப்பேன். கீழ "ப்ச்"சுன்னா பவுண்டரி போயிருக்கு. ஆஸ்திரேலியா கட்சி நம்ம வாசல்ல ஜாஸ்தி, அதுனால அவங்க சலிச்சுக்கிட்டா எனக்கு சந்தோசம். அரவிந்த 107 நாட் அவுட்டு, மூணு விக்கெட்டு வேற, ரணதுங்க கூட நின்னு முடிச்சான். ஒரு பெரிய "ப்ச்" வந்துச்சு, அதோட எல்லாரும் எந்திரிச்ச சத்தம். நான் இருட்டுல கடலப் பாத்து தனியா கைதட்டுனேன், பைப்பு சுத்திக்கிச்சு, பரவால்லன்னு விட்டுட்டேன். எறங்கி வந்து மூஞ்சிய தொங்கப் போட்டுகிட்டேன். நீ பெஞ்சுல தூங்கிட்டு இருந்த, நாலு வயசு ஆகல ஒனக்கு, ஒன்ன தூக்கி தோள்ல போட்டுகிட்டு கடைய பூட்டுனேன். அம்மாவுக்கு கூட ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னேன்.

கடல்ல நமக்கும் அவங்களுக்கும் உள்ள தகராறு வேற, அத இதுல சேக்கல. சேத்தா இந்த லெட்டரு முடியாது.

கட்சி கட்டுறதுல அம்மாவும் லேசுப்பட்ட ஆளில்ல, ஆனா அவ மாறவே மாட்டா, அதான் வித்தியாசம். பரமக்குடிக்காரி, கமல் பொறந்த ஊருல நான் பொறந்தேன்னு கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டா. எங்க தல தீபாவளி 1991, அன்னைக்குன்னு பாத்து தளபதியும் குணாவும் ஒரே நாள்ல ரிலீஸ். மாமியா வீட்ல விருந்து, நீ வயித்துல. நான் உன் மாமனோட ரஜினிக்கு போயிட்டேன், அவ உங்க அம்மாச்சிய கூட்டிட்டு கமலுக்கு போயிட்டா, தல தீபாவளி ஜோடி தனித்தனி தியேட்டர்ல இருந்ததா பரமக்குடில ரொம்ப நாள் பேசுனாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரே வீட்லதான் இருக்கோம்.

அப்பறம் பாரு, 2008ல ஐபிஎல் வருது, நம்ம முரளி மஞ்ச சட்டையில எறங்குறான், சிஎஸ்கேக்கு. கூட யாரு? ஆஸ்திரேலியா ஹேடன், ஹஸ்ஸி. சிஎஸ்கேயோட முதல் மேட்சு, மொகாலியில ஹஸ்ஸி 116 நாட் அவுட்டு, நம்ம தெருவுல "நம்ம ஹஸ்ஸி"ன்னு கத்துனது யாரு, நீதான். பனிரெண்டு வருசத்துக்கு முன்னாடி எவன் ஊருல முரளிய எறியிறான்னாங்களோ அந்த ஊருக்காரன் முரளிக்கு பக்கத்துல நின்னு பீல்டிங் பண்றான். 2019 பைனல்ல வாட்சன் முட்டியில ரத்தம் வழிய வழிய 80 அடிச்சானே, பேன்ட்ல செவப்பா தெரிஞ்சுச்சே, ஒரு ரன்ல தோத்ததுக்கு நீ மெல்போர்ன்ல இருந்து போன் பண்ணி அழுத. அவனும் ஆஸ்திரேலியாக்காரன்தான் தாயி. அப்ப ஒனக்கு ஒண்ணும் உறுத்தலியே.

அதுனால சின்னவன அந்த சட்டையோடயே உக்காரச் சொல்லு. ஞாயித்துக்கெழம நம்ம டயத்துக்கு காலையில ஏழு மணிக்கு கால் போடுறேன். ஹெட்டு இன்னிங்ஸ பத்தி அவன்கிட்ட ரெண்டு கேள்வி இருக்கு, எனக்கு அத இங்க யாருகிட்டயும் கேக்க முடியல, எல்லாரும் அந்த மேட்ச பேசுனாலே எந்திரிச்சுப் போயிர்றானுக.

கம்பத்த நான் கழட்டல. வர்ற கோடையில நீங்க வந்தா சின்னவன மாடிக்கு கூட்டிட்டுப் போய் ஒரு தடவ பைப்ப பிடிக்க வைக்கணும், படம் வருதோ இல்லியோ. கிளாம்பு புதுசு போட்டுட்டேன், ஸ்டெயின்லெஸ்.

அம்மா பக்கத்துல நின்னு படிச்சுகிட்டே இருக்கா. கருவாடு கொண்டு வர்றதுக்கு அங்க கெடுபிடி ஜாஸ்தின்னு நீ சொன்னதுல இருந்து அவளுக்கு ஆஸ்திரேலியா மேல ஒரு கோவம் இருக்கு, அது தனி. இப்ப சொல்லச் சொல்றா, அந்த மஞ்ச சட்ட சாயம் போனாலும் போகும், வெள்ளத் துணியோட சேத்துப் போடாம தனியா அலசி நெழல்ல காயப் போடணுமாம்.

அப்பா