அயற்கூற்றில் இரு விடைகளையும் ஏற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளிகளில் ஆங்கில அயற்கூற்று, அதாவது ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் வாக்கிய வடிவம், தொடர்பான விடைகள் திருத்தப்படும் முறை குறித்து, நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் படிக்க வரும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற வாரம் தன் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை 133 அடி உயரமுடையது என்று வழிகாட்டி சொன்னதை அயற்கூற்றாக மாற்ற வேண்டும். அவள் 'இஸ்' (is) என்பதை மாற்றாமல் எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'வாஸ்' (was) என்று எழுதி, மதிப்பெண்ணைக் கழித்திருந்தார்கள். 'வாஸ்' பிழையன்று, ஆனால் சிலை இன்றும் அதே உயரத்தோடு பாறைமேல் நிற்பதால் 'இஸ்' என்பதும் பிழையற்ற ஆங்கிலமே.

கூறும் வினை 'செட்' என்று இறந்தகாலத்தில் இருந்தால் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகும் என்ற விதியை அட்டவணையாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு, அது ஏன் போகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. குளச்சலில் ஒரு மீனவர் செவ்வாய்க்கிழமை காலையில், 'நாளை கடலுக்குப் போவேன்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலையே அதை நான் ஒருவரிடம் ஆங்கிலத்தில் சொன்னால், அந்த நாளை இன்னும் வரவில்லையாதலால் 'வில்', 'டுமாரோ' இரண்டும் அப்படியே நிற்கலாம். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் 'வுட்' என்றும் 'த நெக்ஸ்ட் டே' என்றும்தான் சொல்ல வேண்டும். சொல்பவர் எந்த நாளில் நின்று சொல்கிறார் என்பதே இங்கு கணக்கு. தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. 'கடலுக்குப் போவதாகச் சொன்னார்' என்று எப்போது சொன்னாலும் 'போவதாக' மாறுவதில்லை. தாய்மொழியில் இல்லாத ஒரு வழக்கத்தைக் கற்கும் பிள்ளைக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்வதுதானே நியாயம்?

இறந்தகால வினை 'ஹேட்' சேர்ந்து மாறுவதிலும் இதே பிடிவாதத்தைப் பார்க்கிறேன். குளச்சல் போர் 1741இல் நடந்தது என்று ஆசிரியர் சொன்னதை அயற்கூற்றாக்கும்போது, ஆண்டே காலத்தைத் தெளிவாகக் காட்டிவிடுவதால் 'டுக் பிளேஸ்' என்பதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. அதையும் 'ஹேட் டேக்கன் பிளேஸ்' என்று மாற்றச் சொல்லும் கையேடுகள் நாகர்கோவில் கடைகளில் விற்பனையில் உள்ளன.

வினாத்தாள் தயாரிப்பவர்கள், ஒரு கூற்று எப்போது சொல்லப்பட்டது, எப்போது எடுத்துரைக்கப்படுகிறது என்பதை வினாவிலேயே குறிப்பிட வேண்டும். அவ்வாறு குறிப்பிடாத இடங்களில், விடைக்குறிப்பில் இரு வடிவங்களையும் அச்சிட்டு, எதை எழுதினாலும் முழு மதிப்பெண் வழங்குமாறு திருத்துவோருக்கு அறிவுறுத்த வேண்டும் எனக் கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.