அந்தத் தோளை யாரும் இழுக்க விடாதீர்கள், சின்னம்மா

அன்புள்ள சின்னம்மா,

உங்கள் வலது தோளில் வாயு பிடிக்கவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் தூக்கிய வாளிகளின் பாரம் இப்போது வேலையைக் காட்டுகிறது என்று சித்தப்பா சொல்வதும் சரியில்லை. கிளினிக் டாக்டர் சொன்னது ஃபுரோசன் ஷோல்டர், அதாவது தோள்பட்டை இறுக்கம். எனக்கும் இடது தோளில் வந்து போனதுதான். வீட்டில் ஆள் இருந்தால் நீங்கள் வலியைப் பற்றி வாய் திறக்கமாட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உருவிவிட வருகிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் நல்லவர், சுளுக்குக்குக் கைராசிக்காரர் என்று சுங்கை சிப்புட்டில் பாதிப்பேர் சொல்வார்கள். ஆனால் இது சுளுக்கு இல்லை. தோள் மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அது அழற்சி கண்டு, தடித்து, வெந்நீரில் துவைத்த கம்பளிச் சட்டை போலச் சுருங்கிவிடுகிறது. அழற்சி இருக்கும்போது கையைப் பிடித்து இழுத்தால் அது இன்னும் கிளறப்படும். கோடாலித் தைலம் தடவிக்கொள்ளுங்கள், இதமாக இருக்கும். இழுப்பது மட்டும் வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் இதைச் செய்து பாருங்கள். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். இடது கை சுலபமாகத் திரும்பும். வலது கை பாதியில் நின்றுவிடும். சித்தப்பா மெதுவாகத் திருப்பிவிட்டாலும் அங்கேயேதான் நிற்கும். தசைநார் கிழிந்திருந்தால், நம்மால் தூக்க முடியாத கையைப் பெரும்பாலும் அடுத்தவர் தூக்கிவிட முடியும். இறுக்கத்தில் யார் முயன்றாலும் வராது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றார்களே, அதற்காக வலி பொய்யாகிவிடாது. உறையின் இறுக்கம் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை.

இந்த நோய்க்குப் பருவங்கள் உண்டு. முதலில் வலிப் பருவம், சில மாதங்கள். பிறகு வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும் பருவம். அதன்பின் மெல்ல மெல்ல இளகும் பருவம். மொத்தத்தில் ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை ஆகலாம். கேட்க மலைப்பாக இருக்கும், தெரியும். ஆனால் பெரும்பாலோருக்குக் கை திரும்பி வந்துவிடுகிறது, சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் தங்கினாலும். எந்தப் பருவத்தில் எதைச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் இருப்பது வலிப் பருவம். இராத்திரி அந்தப் பக்கம் புரண்டதும் உயிர் போகிறது என்றீர்களே, அதுதான் அடையாளம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நன்றாகக் கேட்பது இந்தக் காலத்தில்தான். டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். மல்லாந்து படுத்து, வலது மேற்கைக்கு அடியில் சின்னத் தலையணை ஒன்றை வையுங்கள். தோள் பின்பக்கம் சரியாமல் இருந்தால் தூக்கம் வரும். ரவிக்கை போடும்போது வலிக்கிற கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள். கொக்கி முன்பக்கம் இருக்கும்படி இரண்டு ரவிக்கை தைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பக்கக் கொக்கியோடு தினமும் காலையில் போராடி அழவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

அதற்காகக் கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டு உட்காராதீர்கள். இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தளரத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டுங்கள். கை தானாகச் சின்ன வட்டம் போடும். தோளில் சுடுநீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செய்தால் இன்னும் நல்லது. செய்யும்போது கொஞ்சம் வலித்துச் சற்று நேரத்தில் அடங்கினால் சரி. இராத்திரிவரை வலித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். வலி அடங்கிய பிறகுதான் சுவரில் விரல்களை ஏற்றுவதும், துடைப்பக் கம்பைப் பிடித்து வலது கையை வெளியே தள்ளுவதும், முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுப்பதும். வலி போனதும் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் விடாமல் செய்யவேண்டும்.

இனிப்பு நீரை, அதாவது சர்க்கரை வியாதியைப் பற்றியும் சொல்லவேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு இந்த இறுக்கம் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், குணமாகவும் கூடுதல் காலம் எடுக்கும். 2023 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். தோட்டத்து மக்களுக்கு இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை. ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் வீட்டிலேயே குத்திப் பாருங்கள், முன்கூட்டியே டாக்டரிடமும் சொல்லிவையுங்கள். தைராய்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதற்கும் இந்த இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டு.

தம்பி ஈப்போவில் தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை செய்துவிடலாம் என்கிறானாம். அவன் பாசம் புரிகிறது. ஆனால் நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோக இப்போது அவசரமில்லை. பிரிட்டனில் 503 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020இல் லான்செட் இதழில் வந்தது. ஊசியோடு பிசியோதெரபி, மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்துவிடுவது, துளை வழி அறுவை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து எதுவும் மற்றவற்றைவிடப் பெரிதாக முந்தவில்லை. அறுவை தேவைப்படுகிறவர்களும் உண்டு. அது மற்றதெல்லாம் செய்து பார்த்த பிறகு. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டும் அரசாங்கக் கிளினிக்கிலேயே பிசியோதெரபிக்கு எழுதி வாங்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தோள்வலியோடு நெஞ்சு அடைத்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் அது இந்த நோய் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இந்தக் கடிதத்தைச் சித்தப்பாவிடமும் கொடுங்கள். அவருக்குத் தனியாக ஒரு வரி: சித்தப்பா, மாவு வாளியைத் தூக்குவதும், உயரக் கொடியில் துணி காயப்போடுவதும், மேல் தட்டிலிருந்து டப்பா எடுப்பதும் இனி உங்கள் வேலை. சின்னம்மா கேட்கமாட்டார். நீங்களே செய்யுங்கள்.

அடுத்த கிளினிக் நாளைச் சொல்லுங்கள், கூட வருகிறேன். இனிப்பு நீர்ப் புத்தகத்தை எடுத்து வையுங்கள். ஊசியைப் பற்றிக் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் நான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்காள் மகள்