மொட்டை மாடியைச் சுத்தம் செய்து கொடுத்த எல்லோருக்கும் நன்றி

நம் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், வேலைக்கு வந்து கைகொடுத்த அண்ணன்மார் அக்காமாருக்கும் வணக்கம்.

போன வாரம் விடிய விடியக் கொட்டித் தீர்த்ததே, அதற்கு மறுநாள் காலையில் மூன்றாம் மாடிப் பெரியம்மா வீட்டுக்குப் போய், "உள்ளே ஒழுகிச்சா பெரியம்மா?" என்று கேட்டேன். "ஒரு சொட்டு இல்லம்மா. கட்டிலுக்குப் பக்கத்துல வச்ச பக்கெட்டுல துணி ஊற வச்சுட்டேன்" என்றார். சில வருஷங்களாகவே ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த பக்கெட்டுக்கு ஒழுகலைப் பிடிப்பதைத் தவிர வேறு வேலை இருந்ததில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு போட்டு இதை முடித்திருக்கலாம். ஆனால் மாடியில் என்ன நடந்தது என்று ஏறி வந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். யார் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நன்றி கொத்தனார் அண்ணனுக்கு. அவர் வருவதற்கு முன்பு ஒரு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, மாடியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தளம் முழுக்க ரசாயனப் பூச்சு அடித்தால்தான் ஒழுகல் நிற்கும் என்று சொல்லிப் போனார். ஒவ்வொரு வீடும் போட வேண்டிய பங்கைக் கேட்டதும் நம் வாட்ஸ்அப் குழு பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது உங்களுக்கே தெரியும். கொத்தனார் அண்ணன் வந்தவர் தளத்தில் இருக்கிற வெடிப்புகளைப் பார்க்கவே இல்லை. நேராகக் கைப்பிடிச் சுவரின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுவரில் நாலு விரக்கடை உயரத்தில் ஓடுகிற பாசிக் கோட்டைக் காட்டினார். "தண்ணி இதுவரைக்கும் ஏறி நின்னிருக்கு. நிக்கிற தண்ணி எங்கயாவது வழி தேடத்தான் செய்யும். மொதல்ல தண்ணி எறங்குற ஓட்டையை அடைச்சிருக்கிற குப்பையை எடுங்க, மத்ததை அப்புறம் பேசுவோம்" என்றார். தட்டோட்டை எல்லாம் பெயர்த்துப் புதிதாகப் பதிக்கணும் என்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் தலையாட்டியிருப்போம். அவருக்கும் நல்ல வேலை கிடைத்திருக்கும். தன் பிழைப்பைப் பார்க்காமல் உள்ளதைச் சொன்ன மனுஷர்.

இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற இன்ஜினியர் சார் அதற்குக் கணக்கும் போட்டுக் கொடுத்தார். நம் மாடி சுமார் 4,300 சதுர அடி, அதாவது 400 சதுர மீட்டர். அதன் மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர். 10 சென்டிமீட்டர் பெய்தால் 40,000 லிட்டர். கோடையில் நாம் காசு கொடுத்து வாங்குகிற 12,000 லிட்டர் லாரியில் மூன்றுக்கும் மேல். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை நம் மாடியில் கொட்டினால் கிட்டத்தட்ட 2 லட்சம் லிட்டர். இவ்வளவும் ஆறு ஓட்டை வழியாக, நாலு அங்குலக் குழாய்கள் ஆறில்தான் இறங்கியாக வேண்டும். அந்த ஆறில் நான்கு அடைத்திருந்தன. சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் வந்துவிடுகிறது என்பதால், புரட்டாசி முடிவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று அவர்தான் எல்லோரையும் விரட்டினார். விரட்டலுக்கும் நன்றி சார்.

ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளைகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். முதல் மாடியிலிருந்து கல்லூரிக்குப் போகும் இரண்டு பேர், எதிர் வீட்டுத் தம்பி, அப்புறம் நம் தரைத்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒடிசா தம்பதி. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் இன்னும் சரியாக வராது, ஆனால் துடைப்பத்தை முதலில் எடுத்தது அவர்தான். இத்தனைக்கும் தரைத்தளத்தில் ஒழுகப் போவதில்லை. மேலே ஒழுகினால் எனக்கென்ன என்று இருந்த சில வீடுகளும் நம்மிடம் உண்டு. யாரென்று எழுதப் போவதில்லை.

புறாக் கூட்டம் உட்காரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தை யாரும் அப்படியே கூட்டக் கூடாது என்று தடுத்தவர் மூன்றாம் மாடி நர்ஸ் அக்கா. காய்ந்த புறா எச்சம் தூசாகப் பறந்து மூச்சில் ஏறினால் நுரையீரலுக்குக் கெடுதல் என்று சொல்லி, முதலில் தண்ணீர் தெளித்து ஊற வைத்து, எல்லோருக்கும் மாஸ்க் மாட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் துடைப்பத்தை எடுக்க விட்டார். கைப்பிடிச் சுவரில் ஒருத்தரும் ஏறி உட்காரக் கூடாது என்று கடைசி வரை கண்காணித்தவரும் அவரே.

கிழக்கு மூலை ஓட்டையிலிருந்து என்ன வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். மேலாக வேப்பிலைச் சருகு. அதற்கடியில் போன தீபாவளி ராக்கெட் குச்சிகள், சிவப்புப் பட்டாசுக் காகிதம் ஊறிக் கூழாகிப் பாளமாக இறுகியிருந்தது. புறா இறகு, பூந்தொட்டியிலிருந்து கரைந்து வந்த மண், தேங்காய் நார். எல்லாவற்றுக்கும் அடியில், வளைவில் கச்சிதமாகச் சிக்கிக்கொண்டு ஒரு ரப்பர் பந்து. அது யாருடையது என்று இதுவரை ஒரு பையனும் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய கம்பியால் குத்திக் கீழே தள்ளிவிடலாம் என்று சிலர் சொன்னபோது பிளம்பர் அண்ணன் விடவில்லை. மேலிருந்து குத்தினால் அடைப்பு அடுத்த வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார். கையை விட்டு முடிந்தவரை வாரி எடுக்கச் சொல்லிவிட்டு, கீழே இறங்கி, குழாய் வளைவில் மூடி வைத்திருக்கும் டோர் பென்டைத் திறந்து, அங்கிருந்தே மிச்சத்தை இழுத்துப் போட்டார். அதற்கு முன்பாக மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குப் போகும் இணைப்பைக் கழற்றி வைத்ததும் அவருடைய யோசனைதான். இல்லாவிட்டால் அந்தச் சேறு முழுக்கக் கிணற்றுக்குள் போயிருக்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது; நம்முடைய கிணற்றின் கூழாங்கல் அடுக்கை எப்போது கடைசியாக அள்ளிக் கழுவினோம் என்று யாருக்கும் ஞாபகமில்லை. அதையும் கழுவி, திருப்பிப் போட்டுக் கொடுத்தார்.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற இடத்தில் முளைத்திருந்த அரசங்கன்றுகள் ஒரு தனிக் கதை. பறவைகள் போட்ட எச்சத்தில் வந்தவை. வெளியே ஒரு சாண் உயரம்தான், உள்ளே வேர் சுவருக்குள் முழ நீளத்துக்குப் போயிருந்தது. தலையை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடுதான் எடுக்கணும் என்று கொத்தனார் அண்ணன் சொல்ல, அரசமரத்தைப் பிடுங்குவது பாவம் என்று இரண்டாம் மாடிப் பாட்டி படியேறியே வந்துவிட்டார். கடைசியில் வேர் அறுபடாமல் உளியால் கொத்தி எடுத்த இரண்டு கன்றை ஏரிக்கரையில் கொண்டுபோய் நட்டுவிட்டு வந்தது எதிர் வீட்டுத் தம்பி. வேர் இருந்த பிளவுகளில் சிமென்ட் கலவை அடைத்தாயிற்று. பாட்டிக்கும் திருப்தி, சுவருக்கும் நல்லது.

மாடி துடைத்துவிட்டாற்போல் ஆன பிறகுதான் உண்மையான கோளாறு எங்கே என்று தெரிந்தது. பெரியம்மா வீட்டில் தண்ணீர் சொட்டுவது ஃபேன் கொக்கி வழியாக. அதனால் கொக்கிக்கு நேர் மேலேதான் கசிவு என்று நாம் எல்லோரும் நினைத்திருந்தோம். கொத்தனார் அண்ணன் சந்தேகப்பட்ட இடங்களில் மணலால் சிறு வரப்புக் கட்டி, தண்ணீர் நிறுத்திப் பார்த்தார். கொக்கிக்கு மேலே இருந்த பகுதியில் தண்ணீர் அப்படியே நின்றது. பத்தடி தள்ளி, கிழக்கு மூலைக் குழாய் வாயைச் சுற்றி நிறுத்தியதுதான் இறங்கியது. அங்கே கசிந்த நீர் தளத்துக்குள் பதித்திருக்கும் வயர் குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஃபேன் கொக்கியில் வந்து சொட்டியிருக்கிறது. மின்சாரமும் தண்ணீரும் ஒரே குழாயில்! இது எத்தனை ஆபத்து என்று எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்துச் சொன்னபோது பெரியம்மாவின் மகனுக்கு வியர்த்துவிட்டது. ஈரம் காய்கிறவரை அந்த அறை லைனை நிறுத்தி வைத்து, வயரை மாற்றித் தந்த தம்பிக்கும் நன்றி. குழாய் வாயைச் சுற்றிக் கொத்திவிட்டு, வாட்டம் கொடுத்துப் பூசி, இரும்பு ஜாலியும் போட்டு முடித்த கொத்தனார் அண்ணன் வாங்கிக்கொண்டது அரை நாள் கூலி. முழு நாள் கூலியை நீட்டியதற்கு, "அரை நாள்தானே வேலை பாத்தேன்" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூட்டை மூட்டையாகக் கட்டிய குப்பையைப் படி வழியாகச் சுமந்து இறக்கிய வாட்ச்மேன் அண்ணனுக்கும், சருகு தனி, பிளாஸ்டிக் தனி என்று எப்படிப் பிரித்து வைப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்து ஏற்றிப் போன மாநகராட்சிக் குப்பை வண்டி அக்காவுக்கும் நம் எல்லோருடைய சார்பிலும் நன்றி. வண்டியில் வந்த அக்காவுக்கு ஒரு தம்ளர் மோர் கூட யாரும் நீட்டாமல் இருந்த நேரத்தில், தரைத்தள ஒடிசாப் பெண்தான் தண்ணீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தார். வேப்பமரக் கிளை நம் மாடிக்குள் நீண்டிருப்பதைக் கழிக்க அனுமதித்த பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் நன்றி. சென்ற வருஷம் இதே விஷயத்தில் கொஞ்சம் வார்த்தை முற்றிப் போயிருந்தது. இந்தத் தடவை அவரே ஆளை அழைத்து வந்து, எந்தக் கிளையை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று நின்று காட்டினார்.

கணக்கு இது: மாடியில் கிடந்த உடைந்த கட்டில், துருப்பிடித்த சைக்கிள், பழைய டிஷ் ஆன்டெனா எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அந்தக் காசில் டீ, வடை போக மீதி சங்கக் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது, ரசீது நோட்டில் ஒட்டியிருக்கிறேன். கட்டில் தன்னுடையது என்று இப்போது ஒருவர் கேட்கிறார். மூன்று முறை அறிவிப்பு ஒட்டியும் வராதவர் அவர்.

இனி மாடிச் சாவி வாட்ச்மேன் அண்ணனிடம் இருக்கும். தீபாவளிக்கு மாடியில் வெடிப்பவர்கள் மறுநாள் காலையே காகிதத்தையும் குச்சியையும் கூட்டி அள்ளிவிட வேண்டும். அன்றைக்கு எட்டு மணிக்கு நானும் துடைப்பத்தோடு மேலே இருப்பேன். ஜாலி மேல் சருகு சேர்ந்தால் மழைக்கு நடுவில் எடுத்துவிடுவதற்கு முதல் மாடித் தம்பிகள் இரண்டு பேரும் பேர் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் என் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

அன்புடன்,
செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்